மூட்டைக்கு ஒரு முகவரி

நேயர்களுக்கு வணக்கம். குடோன் நிர்வாகம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். நம்ம சேலம் லீ பஜாருக்குள் ஸ்கூட்டரில் நுழைந்து, முன்னால் நிற்கிற லாரி எப்போதுதான் நகரும் என்று ஒருநாளாவது முணுமுணுத்தவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று நாம் அவரைத் திட்டுகிறோம். பாவம், அவர் என்ன செய்வார்? உள்ளே குடோனில் ஏற்றவேண்டிய சரக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தேடுகிறார்கள். இந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைக்குத் திரும்பத் திரும்ப அதற்குத்தான் வருவேன். ஒரு குடோனுக்கு ஆகிற கூலியில் பெரிய பங்கு, பொருளைத் தேடிப்போய் எடுத்து வருவதற்கே போகிறது. தூக்குவதை விட நடப்பது அதிகம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் 'தேடிய செலவு' என்று தனியாக ஒரு வரி இருக்காது. 'கூலி' என்ற ஒரே தலைப்பில் அதுவும் கரைந்துபோகும். அதனால் முதலாளி கண்ணில் படுவதே இல்லை.

நம்ம ஊர் சரக்குக்குப் பேர்போன ஊர். பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையும், கோவை வழியாகக் கொச்சிக்குப் போகிற 544-உம் சந்திக்கிற இடம். செவ்வாய்ப்பேட்டையில் வெல்லம், மஞ்சள், பருப்பு. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற காப்பிக்கொட்டையும் மிளகும். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை, ஜவ்வரிசியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனபோது சேலத்தில் காலூன்றிய தொழில் இது. ஆலைக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-இல் வந்தது. மரவள்ளிக் கிழங்கு நிறைய வருகிற காலம் ஒன்று, ஜவ்வரிசி நிறைய விற்கிற காலம் வேறு. மகாராஷ்டிராவில் விரத நாள் என்றால் ஜவ்வரிசிக் கிச்சடிதான். நம் ஆடி, ஆவணியிலும் நவராத்திரியிலும் அங்கே கேட்பு ஏறும். அதுவரை மூட்டைகள் குடோனில் காத்திருக்கவேண்டும். சும்மா காத்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு ஆலையின் சரக்கும் தனித்தனி லாட்டாக, அதாவது தனித்தனித் தொகுதியாக இருக்கவேண்டும். வியாபாரி சாம்பிளைப் பார்த்து, அந்த லாட்டுக்குத்தான் விலை போட்டிருக்கிறார். பக்கத்து லாட்டும் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அதில் நாலு மூட்டையைக் கலந்து ஏற்றினால் நாக்பூரிலிருந்து போன் வரும்.

இப்போது ஒரு மேஸ்திரியைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குப் பிடித்த மனிதர், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மொத்த வியாபாரியின் குடோன். அவர் நல்ல விலை கொடுத்துக் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் வாங்கிப் போட்டிருந்தார். திரையில் எந்த லாட் எத்தனை மூட்டை என்று பளிச்சென்று தெரியும். ஒருநாள் லாரி வந்து நிற்கிறது. திரை சொல்கிறது, அந்த லாட்டில் எண்பது மூட்டை இருக்கிறது. சரி, எங்கே? அது திரைக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத்தான் தெரியும். மேஸ்திரியோ பேத்திக்குக் காதுகுத்து என்று ஆத்தூர் போயிருக்கிறார். போன் போட்டால், பின்னால் மேளச் சத்தத்தோடு பேசுகிறார்: “தெக்கால செவுத்தோரம் போங்க தம்பி. ரெண்டாவது அட்டிக்குப் பின்னால கெடக்குது. முன்னால இருக்கறதக் கலைச்சாத்தான் அதுக்கு வழி.” முன்னால் இருந்த அட்டியை, அதாவது மூட்டை அடுக்கைப் பிரித்து, வேறு இடத்தில் அடுக்கி, பின்னால் இருந்ததை எடுத்து... லாரி கிளம்பும்போது விளக்குப் போட்டாகிவிட்டது. அட்டி கலைத்ததற்குத் தனிக் கூலி உண்டா இல்லையா என்று லோடுமேன்களோடு ஒரு வாக்குவாதம் வேறு. அவர்கள் கேட்டது நியாயம் என்பது என் கட்சி. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரிடம், ஒரே மூட்டையை இரண்டு தடவை தூக்கச்சொன்னால் இரண்டு கூலிதானே?

அந்தக் குடோனுக்கு என்னை அழைத்தபோது எல்லோரும் எதிர்பார்த்தது இன்னொரு சாஃப்ட்வேர். நான் கேட்டது மேஸ்திரியை. மேஸ்திரி தலைக்குள் இருக்கிற வரைபடத்தை வெளியே எடுத்தால் போதும், பாதி வேலை முடிந்தது. தூண்களுக்கு எண் போடலாம் என்று ஆரம்பித்தோம். ஆபீஸ் அறைப் பக்கம் இருந்த தூணை ஒன்று என்றேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. “லோடுமேன் எங்கிருந்து உள்ள வர்றான்? லாரி நிக்கற கதவுலருந்து. அவன் கால் எங்க இருக்குதோ அங்கதாங்க ஒண்ணு.” அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லிவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. எண்ணைத் தரையில் எழுதினால் மூட்டை மூடிவிடும், தூணில் எழுதினால் அட்டி மறைக்கும். கடைசியில் கூரைச் சட்டத்திலிருந்து தகரப் பலகை தொங்கவிட்டோம். மூன்றாம் தூண், இடது கை, இரண்டாம் அட்டி. அவ்வளவுதான் முகவரி. மூட்டை உள்ளே வரும்போதே லாட் எண்ணும் இந்த முகவரியும் சேர்ந்து பதிவாகவேண்டும். சாயங்காலம் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்றால் கெட்டது கதை. சரக்கு நகரும்போதே பதிவும் நகரவேண்டும்.

திரும்பவும் சொல்கிறேன், எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கணக்கு. எங்கே இருக்கிறது என்பது மீதி. இந்த இரண்டும் கையில் இருந்தால்தான் சாஃப்ட்வேர் தன் வேலையைக் காட்டும். எந்த லாட் முதலில் வந்ததோ அதை முதலில் எடு என்று சொல்லும். பழைய அரிசி டிரம்மில் இருக்கும்போதே புது அரிசியை அதன் மேல் கொட்டுகிற வீடுகளில் அடியில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குடோனில் அந்த அடி அரிசி ஒரு லாரி லோடு. அடிக்கடி போகிற சரக்கைக் கதவுப் பக்கம் வை என்றும் சொல்லும். பரேட்டோ என்ற இத்தாலிக்காரர், சொத்தில் பெரும்பகுதி சிலர் கையில் இருப்பதைக் கவனித்தார்; அதே போல ஒரு குடோனில் நடக்கிற நடமாட்டத்தில் பெரும்பகுதி சில சரக்குகளுடையது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். நம் மேஸ்திரி பரேட்டோவைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஆடி பிறக்குமுன் ஜவ்வரிசியைக் கதவோரம் கொண்டுவந்துவிடுவார்.

பார்கோடு போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். 1974 ஜூன் 26-ஆம் தேதி, அமெரிக்காவில் ட்ராய் என்ற ஊர்க் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்ததில் ஆரம்பித்தது அது. நல்ல கருவி. இன்று செல்போன் கேமராவே படித்துவிடுகிறது. ஆனால் சாக்கின் மேல் ஒட்டின ஸ்டிக்கர் தூசியிலும் உரசலிலும் நிற்காது. சாக்கு வாயைத் தைக்கும்போதே சீட்டையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். அட்டிக்கு ஒன்றாகப் பலகையில் மாட்டினாலும் போதும்.

இடத்தை ஒதுக்கும்போது பக்கத்தில் யார் என்றும் பார்க்கவேண்டும். காப்பிக்கொட்டை வாசனையை இழுக்கும், மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தால் கப்பில் தெரிந்துவிடும். ஜவ்வரிசி ஈரத்தை இழுக்கும். வெறும் சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள், அடியில் மரச்சட்டம் வேண்டும். சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் போகிற இடைவெளி வேண்டும். இடம் வீணாகிறதே என்று முதலாளிகளுக்கு வயிறு எரியும். பூச்சி மருந்து அடிக்கிறவர் எந்த வழியாகப் போவார்? எண்ணிப் பார்க்கிறவர் எந்த வழியாகப் போவார்? மார்ச் மாதம் குடோனைப் பூட்டிப்போட்டு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எண்ணுகிற வழக்கத்தை விடுங்கள். தினம் நாலு அட்டி எண்ணுங்கள். வித்தியாசம் வந்தால் அன்றைக்கே காரணம் அகப்படும். மார்ச்சில் கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். லாரி ஏற்றுவதைப் பற்றி விரிவாகவே எழுதி வந்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். கடைசியாக இறங்கவேண்டிய சரக்கு முதலில் ஏறவேண்டும். எந்த ஊர் முதலில் என்று ஏற்றுமுன்பே மேஸ்திரிக்குச் சீட்டு கொடுங்கள். சரக்கோடு போகிற மின்னணுச் சீட்டு இருக்கிறதே, அந்த இ-வே பில்லில் லாரி எண்ணைச் சரக்கு தயாரான பிறகு போடுங்கள். எண்ணைப் போட்டதுமே, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று பில் செல்லுபடியாகிற கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், குடோனில் தேடுகிற நேரத்தை அது கழித்துக்கொள்ளாது. விவசாயிகளுக்கு ஒன்று: கிடங்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுபெற்ற கிடங்கில் சரக்கை வைத்தால் மின்னணு ரசீது தருவார்கள், அதை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கலாம். விலை விழுந்த நாளில் விற்கவேண்டியதில்லை. பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூட்டையை இறக்குங்கள். நேரம் ஆகிவிட்டது, வணக்கம்.