பழைய எக்ஸ்டி கம்ப்யூட்டர் பவர் சப்ளை: பிளக் குத்துகதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

(காட்சி: மேசை மேல மூடி கழட்டின சிபியூ. பின்பக்க மூலையில தகரப் பெட்டி, அதுல பெரிய சிவப்பு சுவிட்ச்.)

மக்களே வணக்கம். இப்பம் மேசையில கெடக்கது ஒரு பிசி எக்ஸ்டி, ஐபிஎம் கம்பெனியோடது இல்ல, அதே டிசைன்ல அசெம்பிள் பண்ணின குளோன். டிபேஸ், வேர்ட்ஸ்டார்னு பழைய சாஃப்ட்வேர் சொல்லிக்குடுத்த காலத்துல நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் சென்டருல எல்லாம் இந்த வகைதான் இருந்தது. இது ரொம்ப வருஷமா தக்கலை பக்கத்துல ஒரு வீட்டு மச்சுல கெடந்துட்டு இப்பம்தான் கீழ இறங்கியிருக்கு. பாக்கவங்க எல்லாரும் முதல்ல கேக்கது ஒண்ணே ஒண்ணுதான், பிளக்கைக் குத்திப் பாத்தியளா, ஓடுதான்னு. குத்தப்பிடாது. கறண்டு குடுத்துப் பாக்கது கடைசி வேலையாக்கும், அதுக்கு முன்னாடி செய்யவேண்டியதைத்தான் இந்த வீடியோவுல காட்டுகேன்.

இந்தத் தகரப் பெட்டிதான் பவர் சப்ளை, எஸ்எம்பிஎஸ். சுவர்ல இருந்து வாற 230 வோல்ட் ஏசியை முதல்ல டிசி ஆக்கும், அப்பம் அது 325 வோல்ட் கிட்ட நிக்கும், அதைப் படுவேகமா ஆன் ஆஃப் பண்ணி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வழியா அனுப்பி 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5, மைனஸ் 12னு நாலா பிரிச்சுக் குடுக்கும். 1981ல வந்த முதல் ஐபிஎம் பிசியில இது வெறும் 63.5 வாட், 1983ல எக்ஸ்டி வந்தப்ப உள்ள 10 எம்பி ஹார்ட் டிஸ்க் வச்சதால 130 வாட் ஆக்கினாங்க, குளோன்ல 150ன்னு லேபிள் ஒட்டியிருக்கும்.

அந்த 5 வோல்ட்டுலதான் 8088 பிராசஸர், ராம் (RAM), மெஷினை முதல்ல எழுப்புற புரோகிராம் உள்ள பயாஸ் ரோம் (ROM) சிப் எல்லாமே ஓடும். அதுக்கெல்லாம் 4.75ல இருந்து 5.25 வரைக்கும்தான் அளவு, 7 வோல்ட்டைத் தாண்டிச்சுன்னா சிப்பு செத்துப்போகும். பவர் சப்ளை கெட்டா சரி பண்ணலாம், ஆனா அது போற போக்குல மதர்போர்டையும் கூட்டிட்டுப் போச்சுன்னா அந்த பயாஸ் சிப்பை எங்க போய் தேடுவீங்க?

(காட்சி: தகரப் பெட்டி தனியா. ஸ்க்ரூ கழட்டுகாங்க.)

முதல் வேலை, போர்டுல இருந்து பி8, பி9ன்னு ரெண்டு கனெக்டர் இருக்கும், ரெண்டையும் பைய உருவுங்க, டிரைவுக்குப் போற கேபிளையும் உருவிடுங்க. எது எங்க இருந்ததுன்னு முதல்லயே போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. பெறகு மீட்டரை எடுத்து போர்டு பக்கத்துல 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க. இதை நெறைய பேரு விட்டுருவாங்க. இந்தக் காலத்து போர்டுல 12 வோல்ட் லைன்ல சின்னதா டாண்டலம் கெப்பாசிட்டர் இருக்கும், 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட்னு, அது ஷார்ட் ஆகுறது சர்வ சாதாரணம். ஷார்ட் ஆச்சுன்னா பவர் சப்ளை ஒரு தடவை உசும்பிட்டு தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆயிரும், பாக்கவங்க பவர் சப்ளை போச்சுன்னு முடிவு பண்ணி நல்ல சப்ளையை ஆக்கருக்குப் போட்டுருவாங்க, எனக்கு அதைப் பாக்கும்போதெல்லாம் வயிறு எரியும். மீட்டர்ல ஒண்ணு ரெண்டு ஓம்னு காட்டிச்சுன்னா குத்தம் போர்டுல இருக்கு, அந்த டாண்டலத்தை மாத்தினா வேலை முடிஞ்சுது.

இனி தகரப் பெட்டியைத் திறக்கணும். இங்க கொஞ்சம் கவனமா கேளுங்க. உள்ள ரெண்டு பெரிய கெப்பாசிட்டர் நிக்கும், 200 வோல்ட்னு எழுதியிருக்கும், ரெண்டும் சீரிஸ்ல சேந்து அந்த 325 வோல்ட்டைத் தாங்கும். பிளக்கை உருவினதுக்கு அப்புறமும் சார்ஜ் அதுல நிக்கலாம், வருஷக்கணக்கா கெடந்த பெட்டின்னா இருக்காது, ஆனா நீங்க டெஸ்ட் பண்ணிட்டு மறுபடி திறக்கும்போது கண்டிப்பா இருக்கும்னே நெனச்சுக்கிடுங்க. ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் பண்ணுகாங்க சிலபேரு, அது வேண்டாம், தீப்பொறி பறக்கும், டிராக்கும் தெறிச்சுப்போகும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுல நல்ல இன்சுலேஷன் உள்ள வயர் ரெண்டு சோல்டர் பண்ணி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு கெப்பாசிட்டர்லயும் ஒரு அரை நிமிஷம் பிடிச்சாப் போதும், பெறகு மீட்டர் வச்சு சீரோன்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும். இதுக்குத் தைரியம் இல்லன்னா வெக்கப்பட ஒண்ணும் இல்ல, பழைய டிவி மெக்கானிக் யாராவது பக்கத்துல இருப்பாரு, அவரைக் கூட வச்சுக்கிட்டு செய்யுங்க, அவங்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்.

(காட்சி: குளோசப். மெயின்ஸ் வயர் வாற இடத்துல தேன் கலர்ல சின்ன சதுர டப்பா.)

இந்தா, இதைப் பாருங்க, கேமராவை நல்லா கிட்ட கொண்டுபோறேன். மெயின்ஸ் உள்ள நுழையுற இடத்துல லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்க இருக்க கெப்பாசிட்டர், எக்ஸ்2 வகைன்னு சொல்லுவாங்க, லைன்ல வாற இரைச்சலை வடிகட்டுகதுக்காக. உள்ள மெட்டல் பூசின பேப்பர், மேல கண்ணாடியா தெரியுற எப்பாக்ஸி. அந்த எப்பாக்ஸி மேல பாருங்க, கோடை வெயில்ல காஞ்ச குளத்து மண்ணு வெடிச்ச மாதிரி கீறல் கீறலா ஓடுது. அந்தக் கீறல் வழியா ஈரக்காத்து உள்ள போய் பேப்பர் அதைக் குடிச்சுக்கிடும். பெறகு என்னைக்காவது 230 வோல்ட் குடுத்தா அஞ்சு நிமிஷமோ அரை மணிக்கூறோ நல்லாத்தான் ஓடும், திடீர்னு டப்புன்னு ஒரு சத்தம், ரூம் முழுக்க நாத்தம் பிடிச்ச வெள்ளைப் புகை, பிசுபிசுன்னு பழுப்புக் கறை எல்லா பாகத்து மேலயும். 1984ல மத்திய அரசோட கிளாஸ் திட்டத்துல நம்ம நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வந்ததே, அதோட பவர் சப்ளையிலயும் இதே வகை கெப்பாசிட்டர்தான், உலகம் முழுக்க அந்த மெஷின் வச்சிருக்கவங்க முதல்ல மாத்துகது அதைத்தான்.

நம்ம மாவட்டத்துல இது இன்னும் மோசம். ஜூன்ல ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை, குளச்சல் முட்டம் பக்கம்னா வருஷம் பூரா உப்புக் காத்து. ஈரம் இல்லாத மாசம்னு ஒண்ணு நமக்கு எங்க இருக்கு? அதனால கீறல் இல்லாம பளபளன்னு இருந்தாலும் நான் இந்தப் பேப்பர் கெப்பாசிட்டரை மாத்தாம விடமாட்டேன். 2017ல ஓகி புயல் அடிச்சப்ப ஓடு பறந்து நனைஞ்ச வீட்டுல இருந்து வந்த பெட்டின்னா உள்ள தண்ணி நின்ன தடம், துரு, பச்சை பிடிச்ச கால் எல்லாம் தேடிப் பாருங்க.

மாத்துகதுக்கு பாலிப்ரொப்பிலீன் எக்ஸ்2 கெப்பாசிட்டர் வாங்குங்க, மேல எக்ஸ்2ன்னும் 275 வோல்ட் ஏசின்னும் எழுதியிருக்கணும், பழசுல 0.1 மைக்ரோஃபாரட்னா புதுசும் 0.1தான். கால் இடைவெளியை அளந்துட்டுப் போங்க, இல்லன்னா ஓட்டையில உக்காராது. பக்கத்துலயே நீலத்துல சின்ன வட்டமா ரெண்டு இருக்கும், அது ஒய் வகை, லைன்ல இருந்து எர்த்துக்குப் போறது. அந்த இடத்துல சாதா கெப்பாசிட்டர் போடவே பிடாது, அது ஷார்ட் ஆனா பெட்டி பூரா கறண்டு வந்து ஆளைக் கொல்லும். பெட்டியைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குதுன்னு சிலபேரு சொல்லுவாங்கல்லா, வீட்டுல எர்த் இல்லாம மூணு பின் பிளக்கு குத்தியிருப்பாங்க, இந்த ஒய் கெப்பாசிட்டர் வழியா கசியுறதுதான் கையில தெரியுது. எர்த்தை சரி பண்ணுங்க, கெப்பாசிட்டரை வெட்டி எடுக்காதீங்க.

அடுத்து எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், உருளையா நிக்குற வகை. பெருசு ரெண்டும் உப்பாம கசியாம இருந்தா பெரும்பாலும் தப்பிச்சிருக்கும், சின்னதுகள்தான் காஞ்சுபோகும். குறிப்பா ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் பக்கத்துல 1 மைக்ரோஃபாரட் 50 வோல்ட்னு சின்னதா ரெண்டு நிக்கும், டிஎல்494ன்னு கண்ட்ரோல் ஐசி போட்ட சப்ளைகள்ல இதைப் பாக்கலாம். அது காஞ்சா சப்ளை ஸ்டார்ட் ஆகாது, இல்ல டிரான்சிஸ்டரையே வெடிக்க வைக்கும். ரெண்டும் சேந்து சில ரூபாதான், மாத்திடுங்க. வெளிய போற 5 வோல்ட், 12 வோல்ட் பக்கத்துக் கெப்பாசிட்டர் எல்லாத்துக்கும் 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைஞ்ச) வகை கேட்டு வாங்குங்க. வோல்ட் கூடினாப் பரவாயில்ல, குறையப்பிடாது, மைனஸ் கோடு எந்தப் பக்கம்னு போர்டுல பாத்துப் போடணும்.

இன்னொண்ணு, பின்னாடி 115, 230ன்னு ஒரு சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருந்தா அது 230லதான் இருக்கணும். 115ல வச்சு நம்ம கறண்டைக் குடுத்தா உள்ள வோல்டேஜ் ரெண்டு மடங்காகி அந்த 200 வோல்ட் கெப்பாசிட்டர் ரெண்டும் வெடிச்சிரும். பிள்ளைங்க கை படாம இருக்க நான் அதுமேல டேப் ஒட்டிருவேன்.

(காட்சி: ஹோல்டர்ல 60 வாட் குண்டு பல்பு, பக்கத்துல பவர் சப்ளை, கார் இண்டிகேட்டர் பல்பு.)

இப்பம்தான் கறண்டு. நேரா குத்தாம நம்ம எலக்ட்ரீஷியன்மாரு வச்சிருக்க சீரிஸ் பல்பு வழியா, அதாவது கறண்டு போற வழியில இடையில ஒரு பல்பை மாட்டிக் குடுக்கணும். எல்ஈடி ஆகாது, பழைய இழை பல்பு வேணும். சுவிட்ச் போட்டதும் பல்பு ஒருக்கா பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிட்டா உள்ள ஷார்ட் இல்ல, கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறின வெளிச்சம் அது. முழு வெளிச்சத்துல நின்னு எரிஞ்சா உடனே ஆஃப் பண்ணுங்க, பிரிட்ஜ் டயோடோ ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரோ ஷார்ட்.

இந்த வகை சப்ளை சும்மா நிக்காது, லோடு வேணும், லோடு இல்லன்னா ஸ்டார்ட் ஆகாமலோ வோல்டேஜ் தப்பாவோ காட்டும். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு கெடைக்கும்லா, 5 வோல்ட் லைன்ல ஒண்ணு, 12 வோல்ட் லைன்ல ஒண்ணு மாட்டுங்க, 5ல உள்ளது மங்கலாத்தான் எரியும். சீரிஸ் பல்பு சரின்னு சொன்ன பெறகு அதை எடுத்துட்டு நேரா மெயின்ஸ் குடுத்து மீட்டரை வைங்க. சிவப்பு வயர்ல 4.75ல இருந்து 5.25, மஞ்சள்ல 11.4ல இருந்து 12.6, நீலம் மைனஸ் 12, வெள்ளை மைனஸ் 5, இந்த மைனஸ் ரெண்டும் பத்து சதவீதம் வரைக்கும் ஏறி இறங்கலாம். ஆரஞ்சு வயரையும் பாருங்க, அது பவர் குட். வோல்டேஜ் எல்லாம் நிலைச்சுட்டுன்னு சப்ளை மதர்போர்டுக்குச் சொல்லுகது அதுலதான், சுவிட்ச் போட்டு அரை செக்கண்டுக்குள்ள அது 5 வோல்ட்டுக்கு ஏறணும். அது வரலன்னா மத்த எல்லா வோல்டேஜும் சுத்தமா இருந்தாலும் பிராசஸர் ரீசெட்லயே நிக்கும், ஃபேன் மட்டும் சுத்தும்.

சரியாகவே மாட்டேங்குது, டிரான்ஸ்பார்மரே கருகிப்போச்சுன்னா இப்பத்த கம்ப்யூட்டருல வாற புது ஏடிஎக்ஸ் வகை சப்ளை வைக்கலாம், பி8 பி9க்கு மாத்துற அடாப்டர் கேபிள் ஆன்லைன்ல வருது. பச்சை வயரைக் கருப்போட சேத்தா அது ஆன் ஆகும், நடுவுல ஒரு சுவிட்ச் போட்டுக்கிடுங்க. ஆனா புது சப்ளையில மைனஸ் 5 கெடையாது. எக்ஸ்டி போர்டுக்கும் 4164 ராமுக்கும் அது வேண்டாம், 1981 மாடல் முதல் பிசியில உள்ள 4116 ராமுக்குக் கண்டிப்பா வேணும், இல்லாம மத்த வோல்டேஜ் மட்டும் போச்சுன்னா ராம் கெட்டுரும். அதுக்கு மைனஸ் 12ல இருந்து 7905ன்னு ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் போட்டு மைனஸ் 5 எடுக்கலாம். 7905ல முதுகுத் தகடு கிரவுண்டு இல்ல, இன்புட், அதாவது மைனஸ் 12 அதுலயே நிக்கும், மைக்கா ஷீட் வைக்காம பெட்டியில முறுக்கினா ஷார்ட்தான். என்ன மாத்தினாலும் பழைய தகரப் பெட்டியையும் அதோட லேபிளையும் தூரப் போடாதீங்க, புதுசை அதுக்குள்ள வச்சே மூடப் பாருங்க, அந்த சிவப்பு சுவிட்ச்சோட டக்குங்குற சத்தம் அந்த மெஷினோட பாதி.

(காட்சி: பி8, பி9 போர்டுல மாட்டுகாங்க. கருப்பு வயர் நாலும் நடுவுல.)

திரும்ப மாட்டும்போது ஓர்மை வச்சுக்கிடுங்க, பி8 கருப்பு ரெண்டும் பி9 கருப்பு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நடுவுல வரணும். மாத்திக் குத்தினா போர்டு காலி. முதல்ல ஹார்ட் டிஸ்க் இல்லாம, டிஸ்ப்ளே கார்டு மட்டும் வச்சு ஆன் பண்ணுங்க, திரையில மெமரி எண்ணிக்கை ஏறி ஒரு பீப் கேட்டா போர்டு உயிரோட இருக்கு. டிரைவுக்குப் போற கனெக்டர்ல சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல மீட்டரைச் செருகி ஒரு மணிக்கூறு அப்படியே ஓட விடுங்க, சூடு ஏற ஏற 5 வோல்ட் அசையாம நிக்குதான்னு பாத்துட்டு, அதுக்கு அப்புறம் ஹார்ட் டிஸ்க் கேபிளை மாட்டுங்க.