லைக்கு வாக்காக மாறுமா? திருமண சமத்துவமும் டிஜிட்டல் பரப்புரையும்

[திரையில்: சிவப்புப் பின்னணியில் இளஞ்சிவப்பு நிறச் சமக்குறி]

2013 மார்ச் 26, செவ்வாய்க்கிழமை. தன்பாலினத் திருமணம் பற்றிய இரண்டு வழக்குகளில் முதலாவது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த நாள். அன்று ஃபேஸ்புக்கைத் திறந்த பலருக்கு நண்பர்களின் முகங்களே தென்படவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் இந்தச் சமக்குறி. ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் என்ற அமைப்பு விடுத்த வேண்டுகோள் அது. முந்தைய செவ்வாயைவிட அன்று அமெரிக்காவில் சுமார் 27 லட்சம் பேர் கூடுதலாகத் தங்கள் படத்தை மாற்றினார்கள் என்று ஃபேஸ்புக்கே பின்னர் கணக்குச் சொன்னது.

ஒன்பது நீதிபதிகளும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டா தீர்ப்பெழுதினார்கள்? நிச்சயமாக இல்லை. அப்படியானால் 27 லட்சம் பேர் செய்தது வீண்வேலையா? அதுவும் இல்லை. அந்தப் படம் போய்ச் சேர்ந்த இடம் வேறு. வேலை செய்யும் இடத்தில் இதுபற்றி வாயே திறக்காத ஒருவர், தன் பக்கம் இத்தனை பேர் நிற்கிறார்களா என்று முதன்முறையாகப் பார்த்தார். ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் பிறகு இதை ஆராய்ந்தபோது, ஒரே ஒரு நண்பர் படத்தை மாற்றியதும் தானும் மாற்றியவர்கள் குறைவு என்று தெரிந்தது. நண்பர்களில் பலர் மாற்றிய பிறகே துணிந்தவர்கள்தான் அதிகம். ஏற்கெனவே ஆதரவாக இருப்பவருக்கு அந்தப் படம் தைரியம் கொடுத்தது. எதிரே நிற்பவரின் மனத்தை மாற்றுவதும், தீர்மானிக்கும் கையை அசைப்பதும் வேறு வேலை.

இந்த வீடியோவில் ஒவ்வொரு பரப்புரையிடமும் இரண்டே கேள்விகளைக் கேட்கப்போகிறோம். முடிவு யார் கையில் இருக்கிறது? இதைப் பார்ப்பவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் தொடங்கும் பரப்புரை சத்தம் போடும். இரண்டாவதற்கு விடை இல்லாத பரப்புரை லைக்கோடு நின்றுவிடும்.

[திரையில்: விமான நிலைய வருகைக் கூடம், பெட்டிகளோடு நடந்துவரும் இளைஞர்கள்]

அயர்லாந்து, 2015 மே 22. தன்பாலினத் திருமணத்தை மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஏற்றுக்கொண்ட முதல் நாடு. ஆதரவாக 62 சதவீதம். 43 தொகுதிகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் 'ஆம்' என்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் சொல்லுக்கு நெடுங்காலம் கட்டுப்பட்டிருந்த நாடு அது. ஆண்களுக்கிடையிலான உறவு 1993 வரை அங்கே தண்டனைக்குரிய குற்றம். அந்த நாட்டில் இது எப்படி நடந்தது?

இதற்கு அந்நாட்டின் இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்ய முடியாது. அதனால் இணையத்தின் எடை தானாகவே கூடியது. அடுத்தது, அப்போதைய விதிப்படி, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பிற்பகல் 2 மணி முதல் வாக்குச்சாவடி மூடும்வரை வானொலியும் தொலைக்காட்சியும் வாக்கெடுப்பைப் பற்றிய வாதங்களை ஒலிபரப்பாமல் அமைதி காக்க வேண்டியிருந்தது. சமூக ஊடகங்களை இந்த விதி கட்டுப்படுத்தவில்லை.

அந்த அமைதி நேரத்தில்தான் 'ஹோம் டு வோட்' (வாக்களிக்க ஊருக்கு) என்ற ஹேஷ்டேக் பற்றிக்கொண்டது. வெளிநாட்டில் வாழும் ஐரிஷ் குடிமக்களில் பெரும்பாலோருக்கு அஞ்சல் வாக்கு கிடையாது. நாட்டைவிட்டுப் போய் 18 மாதங்கள் ஆகாமல், திரும்பி வரும் எண்ணமும் இருந்தால் வாக்குரிமை உண்டு, ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். வந்தார்கள். ரயிலில் இருந்து ஒரு படம், கப்பல் தளத்தில் இருந்து ஒரு படம், விமான டிக்கெட்டின் படம் என்று வழியெல்லாம் பதிவிட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தப் படங்களில் வாதம் ஏதும் இல்லை. திருமணம் என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. கடல் தாண்டி ஒருவர் வாக்களிக்க வருகிறார் என்பதைக் காட்டின, அவ்வளவுதான். நாலு தெரு தள்ளி வாக்குச்சாவடி இருப்பவர் அதைப் பார்த்த பிறகும் சோம்பிக் கிடக்கக் கொஞ்சம் கூச்சப்படத்தான் செய்வார்.

இதைவிட எனக்குப் பிடித்தது டப்ளின் டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் செய்தது. 'பாட்டிக்கு ஒரு போன் போடு' என்று ஒரு பரப்புரை. இளைஞர்கள் பெரும்பாலும் தங்கள் பக்கம்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். வயதானவர்கள்தான் தயங்கி நிற்கிறார்கள். அவர்களிடம் வீடியோ போய்ச் சேராது, சேர்ந்தாலும் நம்பமாட்டார்கள். பேரனோ பேத்தியோ பேசினால் காது கொடுப்பார்கள். ஆக, வீடியோ இளைஞனுக்கு, பேச்சு பாட்டிக்கு. தங்கள் குரல் எதுவரை எட்டும், எங்கே எட்டாது என்பதை இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருந்த இணையப் பரப்புரைகள் அபூர்வம்.

[திரையில்: மேடை விளக்கு, எதிரே நிறைந்த அரங்கம்]

அந்த வாக்கெடுப்புக்கு ஓராண்டுக்கு மேல் முன்னால், 2014 பிப்ரவரி 1 அன்று, டப்ளினின் அபே தியேட்டரில் நாடகம் முடிந்த பிறகு ஒருவர் மேடையேறிப் பேசினார். ரோரி ஓ'நீல், பான்டி பிளிஸ் என்ற மேடைப் பெயரில் பெண் வேடமிட்டு நிகழ்ச்சி நடத்துபவர். பேச்சு சுமார் பத்து நிமிடம். புள்ளிவிவரமோ சட்டப்பிரிவோ அதில் இல்லை. சாலையைக் கடக்க நிற்கும்போது, தான் நிற்கும் விதமும் கையை வைத்திருக்கும் விதமும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று தன்னையே சரிபார்த்துக்கொள்வதைச் சொன்னார். யூடியூபில் ஏறிய அந்தக் காணொளி உலகமெங்கும் சுற்றியது. பார்த்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தச் சரிபார்த்தல் என்ற அனுபவமே புதிய செய்தி.

இங்கே ஒரு பழைய தோல்வியையும் சொல்லியாக வேண்டும். 2008-இல் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் எட்டாவது முன்மொழிவு சுமார் 52 சதவீத வாக்குகளோடு நிறைவேறியது. திருமண சமத்துவத்தை ஆதரித்தவர்கள் அதுவரை அதிகம் பேசியது உரிமை, பலன், பாகுபாடு என்ற மொழியில். பிறகு ஃப்ரீடம் டு மேரி போன்ற அமைப்புகள் தயங்கும் வாக்காளர்களிடம் பேசிப் பார்த்தன. 'நீங்கள் ஏன் திருமணம் செய்தீர்கள்?' என்று கேட்டால், 'காதலித்தேன், சேர்ந்து வாழ உறுதி கொண்டேன்' என்றார்கள். 'அவர்கள் ஏன் திருமணம் கேட்கிறார்கள்?' என்று கேட்டால், 'உரிமைக்காகவும் சலுகைக்காகவும்' என்றார்கள். பரப்புரை என்ன சொல்லிக்கொடுத்ததோ அதையே அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்! அதன்பிறகு படங்களின் போக்கு மாறியது. சட்டம் பேசிய இடத்தில் தம்பதிகள் பேசினார்கள். தம்பதிகளின் பெற்றோர் பேசினார்கள்.

2011 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெட்அப் அமைப்பு வெளியிட்ட 'இட்ஸ் டைம்' என்ற குறும்படம் இதன் உச்சம் என்பேன். கேமராதான் காதலரின் கண். அந்தக் கண் ஓர் ஆணையே பார்த்துக்கொண்டிருக்கிறது: முதல் சந்திப்பு, சிரிப்பு, சண்டை, துக்கம். கடைசியில் அவன் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டும்போதுதான் கேமரா திரும்புகிறது. எதிரில் இருப்பவரும் ஆண் என்று தெரிகிறது. அதற்குள் பார்ப்பவர் அவர்களின் காதலை ஏற்றுக்கொண்டிருப்பார்.

[திரையில்: தபால் உறை, சிவப்புத் தபால் பெட்டி]

அதே ஆஸ்திரேலியாவில் 2017-இல், தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்கலாமா என்று மக்களைக் கேட்கும் அஞ்சல்வழிக் கணக்கெடுப்பு வந்தது. சாதாரணத் தேர்தலில் அங்கே வாக்களிப்பது கட்டாயம், இதில் விருப்பம். படிவம் வீட்டு முகவரிக்குத்தான் வரும். முகவரி மாற்றிக்கொண்டே இருக்கும் இளைஞர்களுக்குப் படிவமே கிடைக்காமல் போகலாம். ஆகவே முதல் கட்டப் பதிவுகள் காதலைப் பற்றிப் பேசவில்லை. 'ஆகஸ்ட் 24-க்குள் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர், முகவரியைத் திருத்து' என்றன. சலிப்பூட்டும் செய்திதான். ஆனால் ஏறத்தாழ 98,000 பேர் புதிதாகப் பட்டியலில் சேர்ந்தார்கள். அடுத்த கட்டம், 'படிவத்தை மேசைமேல் வைக்காதே, இன்றே தபால் பெட்டியில் போடு.' 79.5 சதவீதம் பேர் பங்கேற்றார்கள், 61.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். டிசம்பரில் சட்டம் வந்தது.

பேச்சுக்கு மனத்தை மாற்றும் சக்தி உண்டு என்றோம் அல்லவா, அதற்கு ஆதாரம் என்ன? இதில் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று இருபது நிமிடம் பேசினாலே வாக்காளரின் கருத்து நீடித்து மாறுகிறது என்று 2014 இறுதியில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள். 2015 மே மாதம் அது திரும்பப் பெறப்பட்டது. தரவுகள் நம்பத்தக்கவை அல்ல. குட்டை உடைத்தவர்களில் இருவர், டேவிட் ப்ரூக்மனும் ஜோஷுவா கல்லாவும், தாங்களே மியாமியில் திருநர் மீதான வெறுப்பு பற்றி முறையான சோதனை நடத்தினார்கள். சுமார் பத்து நிமிட உரையாடலின் தாக்கம் குறைந்தது மூன்று மாதம் நிற்கிறது என்று 2016-இல் அதே இதழில் எழுதினார்கள். வீடியோவின் மிக நல்ல பயன் இப்படிப்பட்ட உரையாடலைத் தொடங்கிவைப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். பாட்டிக்கு போன் போடச் சொன்ன மாணவர்கள் எந்த ஆய்வையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

[திரையில்: கைப்பேசி, குழு அரட்டையில் அடுத்தடுத்து வந்து விழும் பகிர்வுகள்]

இதே கருவிகள் எதிர்த்தரப்பிடமும் இருக்கின்றன. தைவானில் 2017 மே 24 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், இரண்டு ஆண்டுக்குள் தன்பாலினத் திருமணத்துக்கு வழி செய்யுமாறு தீர்ப்பளித்தது. வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் 2018 நவம்பர் 24 அன்று நடந்த வாக்கெடுப்பில், உரிமையியல் சட்டத்தில் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற கருத்துக்கு 72 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. இடையில் நடந்தது என்ன?

இளைஞர்கள் பொதுவெளியில் வானவில் கொடியோடு பரப்புரை செய்துகொண்டிருந்தபோது, லைன் என்ற அரட்டைச் செயலியின் மூடிய குழுக்களில் வேறொன்று பரவியது. சட்டம் வந்தால் எய்ட்ஸ் நோயாளிகள் வெளிநாட்டிலிருந்து வந்து திருமணம் செய்துகொண்டு தைவானின் பொது மருத்துவக் காப்பீட்டைச் சுரண்டுவார்கள் என்ற வதந்தி அவற்றில் ஒன்று. அது வரும் இடம் குடும்பக் குழு. அனுப்புபவர் மாமா அல்லது அத்தை. பெற்றுக்கொள்பவர் மறுத்துப் பேசினால் குடும்பச் சண்டை. பொதுவெளியில் வரும் பொய்யை ஆயிரம் பேர் மறுக்கலாம். மூடிய குழுவில் வரும் பொய் அங்கே இருக்கிறது என்பதே வெளியே தெரியாது. கோஃபேக்ட்ஸ் என்ற தன்னார்வ முயற்சி இதற்கு ஒரு வழி கண்டது: சந்தேகமான செய்தியை அதன் தானியங்கிக் கணக்குக்கு அனுப்பினால், தன்னார்வலர்கள் சரிபார்த்து எழுதிய பதில் அதே செயலியில் திரும்ப வரும். பயனுள்ள கருவி. ஆனால் சந்தேகப்படுபவர்தானே கேட்பார்?

நீதிமன்றத் தீர்ப்பு நின்றது. 2019 மே 17 அன்று தைவான் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஆசியாவில் அதுவே முதல். தாய்லாந்து 2025 ஜனவரி 23 முதல் தன்பாலினத் திருமணங்களைப் பதிவு செய்கிறது. அங்கும் ஹேஷ்டேக் பல ஆண்டுகள் ஒலித்தது. முடிவு நாடாளுமன்றத்தின் கையில் இருந்ததால் இணையக் கையெழுத்துகள் சட்ட முன்வரைவோடு சேர்ந்து நடந்தன.

இந்தியாவில் முடிவு நீதிமன்றத்தின் கையில் இருப்பதாகப் பலரும் நம்பினார்கள். 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை தன்பாலினத் திருமண வழக்கின் உச்ச நீதிமன்ற விசாரணை இணையத்தில் நேரலையாக வந்தது. வழக்கறிஞர்களின் வாதங்கள் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுப் பரவின. தன்பாலீர்ப்பைப் பற்றி வாய்திறக்காத வீடுகளிலும் பேச்சு எழுந்தது. அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின. இப்போது நம் முதல் கேள்விக்கான விடை மாறிவிட்டது. நீதிமன்றத்தை நோக்கிய நேரலைத் துண்டுகள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை எதுவும் செய்யச் சொல்வதில்லை. அவருடைய தொகுதியில் வாழும் ஒரு தாய் தன் மகளுக்காகப் பேசும் இரண்டு நிமிடம் சொல்லக்கூடும்.

[திரையில்: தொலைபேசிக் கேமரா முன் அமர்ந்திருக்கும் இருவர், முகங்கள் மங்கலாக]

அப்படி ஒரு வீடியோவை நீங்கள் எடுக்கப்போகிறீர்கள் என்றால், படம்பிடிக்கும் நுட்பத்தைவிட முக்கியமான சில விஷயங்கள் உண்டு. தளங்களை முழுதாக நம்பாதீர்கள். 2017-இல் யூடியூபின் கட்டுப்பாட்டுப் பயன்முறை (சிறுவர்களுக்கு ஒவ்வாதவற்றை மறைக்கும் வசதி), ஆபாசம் எதுவும் இல்லாத தன்பாலீர்ப்பாளர் காணொளிகளையும் மறைத்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2022 ஜனவரி முதல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, பாலீர்ப்பு போன்ற நுண்மையான அடையாளங்களை வைத்து யாருக்கு விளம்பரம் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் தெரிவுகளை நீக்கிவிட்டது. பரப்புரையாளர்களுக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் அதே தெரிவு ஒரு விஷமியிடமும் இருந்தது என்பதை நினைத்தால், எனக்கு வருத்தமில்லை.

பேசுபவரின் பாதுகாப்புதான் எல்லாவற்றுக்கும் மேல். 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு இன்றும் குற்றம். குற்றம் அல்லாத நாட்டிலும் வீடும் வேலையும் பறிபோகலாம். பேசச் சம்மதித்தவரின் பெற்றோருக்கு விஷயம் தெரியுமா என்று கேளுங்கள். படப்பிடிப்பன்று தந்த சம்மதத்தை, வெளியிடும் முந்தைய நாள் மறுபடி கேளுங்கள். மனம் மாறினால் வீடியோ வெளியாகக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் பெயர்ப்பலகை, கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இருப்பிடத் தகவல் இரண்டையும் நீக்குங்கள். கருத்துப் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் மூடிவிடுங்கள். அங்கே வரும் வசவை முதலில் படிப்பவர் வீடியோவில் பேசியவர்தான்.

கையெழுத்துப் படிவம் வைத்தால், அதில் சேரும் பெயரும் தொலைபேசி எண்ணும் தவறான கையில் சிக்கும்போது வேட்டைப் பட்டியலாகிவிடும். தேவைக்கு மேல் ஒரு விவரமும் கேட்காதீர்கள், யார் அதைத் திறக்க முடியும் என்பதை எழுதி வையுங்கள், அழிக்கும் தேதியைப் படிவம் வெளியாகும் அன்றே அதன்மேலேயே அறிவித்துவிடுங்கள்.