ரெண்டே எழுத்து, 3 கோடி டாலர்: ஒரு விலாங்குத் தீவோட கதை

[திரையில்: வெள்ளை மணல், நீலக் கடல், மேலேருந்து ட்ரோன் ஷாட்]

இந்தத் தீவுல மொத்தமே 16,000 பேர்தான். நம்ம பக்கம் ஒரு பேரூராட்சியில இதைவிட ஜாஸ்தி ஆள் இருப்பாங்க. ஆறு கிடையாது. பெருசா விவசாயம் கிடையாது. வந்தா டூரிஸ்ட், இல்லைன்னா புயல். ஆனா 2023ல இந்த அரசாங்கத்துக்கு வந்த வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல, ரெண்டு இங்கிலீஷ் எழுத்தை வாடகைக்கு விட்டதுலேருந்து வந்தது. கிட்டத்தட்ட 3 கோடியே 20 லட்சம் டாலர்!

அந்த ரெண்டு எழுத்து: ஏ, ஐ.

இப்ப தொறக்கிற கம்பெனி எல்லாம் வெப்சைட் பேருக்குப் பின்னாடி 'டாட் ஏஐ'னு ஒட்டிக்கிறாங்களே, அது செயற்கை நுண்ணறிவு இல்ல மக்களே. அங்குவில்லா. கரீபியன் கடல்ல பிரிட்டனுக்குக் கீழ இருக்கிற ஒரு குட்டித் தீவு. ஒவ்வொரு டாட் ஏஐ பேருக்கும் கப்பம் அங்கதான் போகுது.

[திரையில்: சார்பதிவாளர் அலுவலக வாசல், மரத்தடியில ஒரு மேஜை]

இப்ப போரடிக்கிற பகுதி. ஒரு நிமிஷம்தான், தள்ளி விட்டுடாதீங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ரெண்டெழுத்து வால் ஒண்ணு உண்டு. இந்தியாவுக்கு டாட் ஐஎன், இலங்கைக்கு டாட் எல்கே. அந்த வாலோட முடியற எல்லாப் பேரையும் எழுதி வைக்கிற நோட்டு யார்கிட்ட இருக்கோ, அவங்கதான் ரெஜிஸ்ட்ரி. சார்பதிவாளர் ஆபீஸ்னு வெச்சுக்கோங்க. நீங்க நேரா உள்ள போக மாட்டீங்க, வெளிய மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிற பத்திரம் எழுதுறவர்கிட்ட போவீங்க. அவர்தான் ரெஜிஸ்ட்ரார். ஒரே வித்தியாசம், இங்க கிரயம் கிடையாது, குத்தகை மட்டும்தான். கெடு முடிஞ்சு பணம் கட்டலைன்னா பேர் போச்சு. பட்டுத்தான் சொல்றேன். நம்ம சேனல் வெப்சைட்டுக்கு வந்த நினைவூட்டல் மெயில் எல்லாம், நான் தொறக்கிறதையே விட்டுட்ட ஒரு பழைய ஐடிக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. "அண்ணே, உங்க சைட்டைக் காணோம்"னு ஒருத்தர் கமெண்ட் போட்டாரு. சலுகை நாள் முடிய ஒரே நாள் பாக்கி. அந்தத் தம்பிக்கு இந்த வீடியோ சமர்ப்பணம்.

சரி, எந்த நாட்டு நோட்டு யார் கைக்குப் போகணும்னு முடிவு பண்ணது யாரு? ஆரம்ப காலத்துல ஒரே ஒரு ஆள். ஜான் போஸ்டல், கலிஃபோர்னியாவுல ஒரு ஆராய்ச்சியாளர். எது நாடு, எது நாடு இல்லைன்னு தீர்மானிக்கிறது எங்க வேலை இல்லைன்னு 1994லயே எழுதி வெச்சுட்டார். என்னா விவரம் பாருங்க! ஐஎஸ்ஓங்கிற தர நிர்ணய அமைப்பு ஏற்கனவே போட்டு வெச்சிருந்த ரெண்டெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கிட்டார், சண்டை வந்தா அங்க போய்க்கோங்க. 1998ல அவர் இறந்துட்டார். அதே வருஷம் ஆரம்பிச்ச ஐகேன்ங்கிற அமைப்புதான் இப்ப அந்த வேலையைப் பார்க்குது. போரடிக்கிற பகுதி முடிஞ்சது.

[திரையில்: பழைய ஆப்பிரிக்கா வரைபடம்]

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம். அந்த ஐஎஸ்ஓ பட்டியல்ல 'ஏஐ' மொதல்ல இருந்தது அங்குவில்லாகிட்ட இல்ல. ஆப்பிரிக்காவுல, செங்கடல் வாசல்ல இருந்த ஒரு பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகிட்ட. அங்க வாழுற ரெண்டு மக்களோட பேரையே அந்த இடத்துக்கு வெச்சிருந்தாங்க: அஃபார், இசா. அஃபாருக்கு ஏ, இசாவுக்கு ஐ. 1977ல விடுதலை வந்துச்சு, ஜிபூட்டின்னு பேரை மாத்திக்கிட்டாங்க, பழைய ரெண்டெழுத்துக் கோடு, அதாவது குறியீடு, போய்ப் புதுக் கோடு வந்துச்சு. என்ன கோடு தெரியுமா? டிஜே! ஏஐயைக் குடுத்துட்டு டிஜே வாங்கிட்டு வந்த ஒரே நாடு. கல்யாண வீட்டுல ஸ்பீக்கர் கட்டுற நண்பர்கள் இருந்தா ஒரு லைக் போட்டுட்டுப் போங்க.

ஏஐ காலி ஆயிடுச்சு. ஆனா அது அங்குவில்லாவுக்குக் கிடைக்கணும்னா, அங்குவில்லா தனியா பட்டியல்ல இருக்கணுமே? அந்தப் பட்டியல் போட்ட 1974ல அது தனியா இல்ல. 'செயின்ட் கிட்ஸ் - நெவிஸ் - அங்குவில்லா'ன்னு மூணு தீவையும் ஒரே மூட்டையா கட்டி 'கேஎன்'னு ஒரு கோடு.

அந்த மூட்டையில இருக்கிறது அங்குவில்லாக்காரங்களுக்குப் பிடிக்கவே இல்ல. 1967 மே மாசம், செயின்ட் கிட்ஸ்லேருந்து வந்திருந்த போலீஸ்காரங்களை எல்லாம் கிளம்புங்கன்னு சொல்லித் தீவை விட்டே அனுப்பிட்டாங்க. ஜூலையில ஓட்டெடுப்பு. பிரியலாம்னு 1,813 ஓட்டு. வேண்டாம்னு எத்தனை? அஞ்சு. அந்த அஞ்சு பேரை ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், பாவம். 1969 மார்ச்சுல பிரிட்டன் பாராசூட் படையையே இறக்குச்சு. எதிர்த்துச் சண்டை போட ஆளே இல்ல. ஏன்னா இவங்க கேட்டதே "எங்களை நேரா உங்களுக்குக் கீழ வெச்சுக்கோங்க"ங்கிறதைத்தான்! கடைசியில 1980 டிசம்பர்ல முறைப்படி தனியா பிரிஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் தனிக் கோடு.

அங்க ஜிபூட்டி பேரை மாத்தாம இருந்திருந்தாலும், இங்க அந்த போலீஸ்காரங்க படகு ஏறாம இருந்திருந்தாலும், இன்னிக்கு இந்த 3 கோடி இல்ல. அங்குவில்லான்னா விலாங்குன்னு அர்த்தம். தீவு ஒடிசலா, நீளமா இருக்கும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுமாம் விலாங்கு. இந்த விலாங்கு உலகத்துக்கே வாலை மட்டும்தான் காட்டுது. டாட் ஏஐ!

[திரையில்: துவாலு, மெல்லிசா ஒரு நிலக்கோடு, ரெண்டு பக்கமும் கடல்]

அதிர்ஷ்டம் மட்டும்னு சொல்லிட முடியாது. பசிஃபிக்ல துவாலுன்னு ஒரு நாடு, சுமார் 11,000 பேர். அவங்களுக்கு அடிச்ச வால் டாட் டிவி. வீடியோ உலகமே க்யூவுல நிக்கும்னு தெரியாத காலம். 2000ல ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு 12 வருஷத்துல 5 கோடி டாலர்னு பேசிக் குடுத்துட்டாங்க. அந்தப் பணம் வந்த தைரியத்துலதான் அதே வருஷம் ஐ.நா.வுல உறுப்பினர் ஆனாங்க, ஒப்புக்கறேன். ஆனா தோப்புல மாங்காய் எத்தனை காய்க்கும்னு பார்க்காமலே மொத்தமா குத்தகைக்கு விட்ட மாதிரிதான். ட்விட்ச் டாட் டிவிங்கிற வீடியோ சைட்டை அமேசான் 2014ல கிட்டத்தட்ட 97 கோடி டாலருக்கு வாங்குச்சு, கணக்குப் போட்டுக்கோங்க.

அங்குவில்லா தோப்பை விடல. 1994ல வின்ஸ் கேட்னு ஒரு அமெரிக்கக் கம்ப்யூட்டர்காரர் அங்க குடியேறினார். டாட் ஏஐ சும்மா கிடக்குதுன்னு பார்த்து போஸ்டலைக் கேட்டார், 1995 பிப்ரவரியில கைக்கு வந்துச்சு. பல வருஷம் கிட்டத்தட்ட ஒத்தை ஆளா நடத்தினார், காசு அரசாங்கத்துக்கு. அப்போ ரெண்டு வருஷத்துக்கு 140 டாலர், ரெண்டு வருஷத்துக்குக் குறைஞ்சு பதிய முடியாம இருந்துச்சு. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துச்சு. அந்த வருஷக் கடைசியில 1,44,000 டாட் ஏஐ பேருகள் பதிவாகியிருந்துச்சு, அடுத்த வருஷக் கடைசியில 3,54,000. 2025 ஜனவரியிலதான் டெக்னிக்கல் வேலையை ஐடென்டிட்டி டிஜிட்டல்ங்கிற பெரிய கம்பெனிகிட்ட குடுத்தாங்க. சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன். 2017ல இர்மா புயல் வந்து புரட்டிப் போட்ட தீவு அது.

[திரையில்: கறுப்புத் திரை, நடுவுல ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி]

இந்த நோட்டை எழுதுறதுல என்ன பெரிய வேலைன்னு கேக்கறீங்களா? ஸ்வீடனைக் கேளுங்க. 2009 அக்டோபர் 12. டாட் எஸ்இ நோட்டைப் புதுப்பிக்கிற ஒரு ஸ்கிரிப்ட்ல சின்னப் பிழை. நோட்டுல எழுதுற ஒவ்வொரு சர்வர் பேருக்குக் கடைசியிலயும் ஒரு புள்ளி வைக்கணும், 'பேரு இதோட முடிஞ்சது'ன்னு அர்த்தம். அந்தப் புள்ளி விட்டுப்போச்சு. புள்ளி இல்லைன்னா சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? இன்னும் முடியலை போலன்னு அதுவே பின்னாடி 'டாட் எஸ்இ'யைச் சேர்த்துடும். 'டாட் எஸ்இ டாட் எஸ்இ'. அப்படி ஒரு முகவரி உலகத்துலயே கிடையாது. 9 லட்சம் பேருகளும் ஒரே நேரத்துல படுத்துக்கிச்சு. சீக்கிரமே திருத்திட்டாங்க, ஆனா தப்பான நகலை வாங்கி வெச்சிருந்த கம்ப்யூட்டர் எல்லாம் அதையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்துச்சு. 'க'வுக்கு மேல புள்ளி வைக்க மறந்தா தமிழ் வாத்தியார் ஏன் கொட்டினார்னு இப்பத்தான் புரியுது.

அது பிழை. கைவரிசையும் நடக்கும். 2021 பிப்ரவரி 6, இலங்கை. கூகுள் டாட் எல்கேன்னு டைப் பண்ணவங்களுக்கு வந்தது கூகுள் இல்ல. தேயிலைத் தோட்டத் தொழில், பத்திரிகைச் சுதந்திரம், சிறுபான்மையினர் பிரச்சினைன்னு பேசுற வேற ஒரு பக்கம். நாள் சம்பளம் 1,000 ரூபாய் கேட்டு மலையகம் போராடிக்கிட்டிருந்த நேரம் அது. கூகுளோட சர்வரை யாரும் தொடல, நோட்டுல இருந்த முகவரியை மாத்திட்டாங்க. வீட்டை இடிக்க வேண்டாம், பத்திரத்தைத் திருத்தினா போதும்!

[திரையில்: தேடல் பெட்டி, கர்சர் மினுக்குது]

இலங்கைன்னதும் ஞாபகம் வருது. தமிழ் எழுத்துலயே வால் வாங்கினதுல அவங்கதான் முந்தி: 2010ல 'டாட் இலங்கை', தமிழ்லயே. அப்புறம் 'டாட் சிங்கப்பூர்', 'டாட் இந்தியா'ன்னு வந்துச்சு. இன்டர்நெட்டோட பழைய குழாய்க்குத் தமிழ் தெரியாது, அதனால உள்ள போகும்போது எக்ஸ் என், ரெண்டு ஹைஃபன், அப்புறம் வாயில நுழையாத எழுத்துக் குவியல்னு மாறித்தான் போகும். உங்க கண்ணுக்குத் தெரியுறது மட்டும் தமிழ்.

இந்த வீடியோவுக்காகத்தான் மொத மொதல்ல டாட் இந்தியான்னு தமிழ்ல டைப் பண்ணிப் பார்த்தேன். கீபோர்டு மாத்தி, நடுவுல புள்ளிக்காகத் திரும்ப மாத்தி, மறுபடி தமிழுக்கு மாத்தி... மூணாவது தடவைதான் சரியா வந்துச்சு. நீங்க எத்தனை தடவை முயற்சி பண்ணீங்கன்னு கமெண்ட்ல போடுங்க. முக்கியமா அந்தத் தம்பி, நீ போடுப்பா.