குமரிக்கு மட்டும் அந்த எண் ஏன் இல்லை?

[திரை: நாகர்கோவில், காலை நேரப் பேருந்து நிலையம்]

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கணவனிடம் அடி வாங்கும் பெண்கள் நூற்றுக்கு எத்தனை பேர்?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வைப் புரட்டினால் தமிழ்நாட்டுக்கு விடை இருக்கிறது. திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தவர்கள். இந்திய சராசரி 29.3. சரி, குமரிக்கான பக்கத்துக்குப் போவோம். இரத்தசோகை, பிரசவம், தடுப்பூசி, கழிப்பறை எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. வன்முறைக் கேள்விகளைக் குறைந்த வீடுகளில்தான் கேட்கிறார்கள். அது மாநிலத்துக்குப் போதும், மாவட்டத்துக்குப் பற்றாது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டத்துக்கு இந்தக் கதி!

[திரை: சுவரோடு சுவர் ஒட்டிய கடற்கரை வீடுகள்]

கேட்டால் மட்டும் சொல்லிவிடுவார்களா? “உங்களை அடிப்பாரா?” என்று ஒரு அக்காவிடம் கேளுங்கள்.

“சே, அப்படியெல்லாம் இல்ல சிஸ்டர். கோவம் வந்தா கை நீட்டுவாரு, அவ்வளவுதான்.”

அவரைப் பொறுத்தவரை கை நீட்டுவது அடியில் சேர்த்தியில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் அந்தச் சொல்லையே தொடுவதில்லை. பிடித்துத் தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, அறைந்தாரா, கழுத்தை நெரித்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பது. தனியாகப் பேச இடம் கிடைக்காவிட்டால் கேட்பதே இல்லை. முட்டத்திலோ குளச்சலிலோ அப்படி இடம் தேடிப் பாருங்கள், கஷ்டம் புரியும். நடுவில் மாமியார் வந்து உட்கார்ந்தால்? கேள்வி சட்டென்று குழந்தையின் தடுப்பூசிக்கு மாறிவிட வேண்டும். அதற்கென்றே வேறு கேள்விகளைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊருக்குள் இதற்குப் பெயரும் “பெண்கள் உடல்நல ஆய்வு”தான். பொய்யில்லையே, உடல்நலம்தானே!

[திரை: ஆரம்ப சுகாதார நிலைய ஓ.பி. சீட்டு]

இந்தச் சீட்டைப் பாருங்கள்: தலைவலி, தூக்கமின்மை, ஒரு வாரம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவருக்குத் தலைவலி வரத்தான் செய்யும். ஆனால் இதே அக்கா மூன்றாவது முறை வந்து, “கெணத்தடியில வழுக்கி விழுந்தேன்” என்றால் நர்ஸ் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கைப்படி, துணைவனின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல். அடி விழுவது முதுகில் என்றாலும் கணக்கு பிரசவ வார்டில் வந்து நிற்கிறது. ஓ.பி. சீட்டிலோ அதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

பேட்டி முடிந்ததும் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பெண்களுக்கான எண் 181. அதைப் பெரிய நோட்டீஸாகக் கொடுத்தால் சாயங்காலம் யார் கையில் சிக்கும்? அதனால் சின்னத் துண்டுச் சீட்டு. ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்று வரிசையாக எழுதி, நடுவில் 181.