முன்பாரம், பின்பாரம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஈஸ்டர் விடுமுறை நெருங்கிவிட்டது. மெல்போர்னில் நம் வீடுகளில் இந்நேரம் ஒரே பேச்சாக இருக்கும்: எங்கே போகலாம், எத்தனை குடும்பம் சேரும், புளியோதரை யார் கட்டுவது. எனக்குத் தெரிந்தே ஏழெட்டுக் குடும்பங்கள் கேம்பர் டிரெய்லர் வாங்கியிருக்கின்றன. கேரவன் மாதிரி பெரிய பெட்டி இல்லை. மேலே மடித்து வைத்த கூடாரம், பக்கத்தில் இழுத்தால் வரும் சமையல் மேடை, அடியில் தண்ணீர்த் தொட்டி. போய்ச் சேர்ந்து விரித்தால் வீடு. நானும் எட்டு வருடமாக ஒன்றை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறேன். ஓட்டுவது நான்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார்.

பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நாலு விஷயம் குறித்துக்கொண்டு வந்தேன். பாரம், பேரிங், டயர், கூடாரத் துணி. முதலில் பாரம்.

இந்தப் பாடத்தை நான் முதலில் கேட்டது காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், என் அப்பிச்சியிடம். அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு கட்டை வண்டியும் ஒரு சோடி மாடும் இருந்தன. கடலைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார். மூட்டைகளை அடுக்கி முடித்ததும் உடனே மாட்டைப் பூட்ட மாட்டார். முன்னால் வந்து, குனிந்து, நுகத்தடியை ஒரு கையால் மெல்லத் தூக்கிப் பார்ப்பார். கண்ணை லேசாக மூடிக்கொள்வார். அப்புறம் பேசாமல் பின்னால் போய் ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னுக்கு நகர்த்துவார். மறுபடியும் வந்து தூக்கிப் பார்ப்பார். கைக்குச் சரி என்று பட்டால்தான் மாடு வரும்.

ஏன் அப்பிச்சி என்று ஒரு தடவை கேட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். "கண்ணு, முன்பாரமா இருந்துச்சுன்னா மாட்டுக் கழுத்து புண்ணாயிரும். பின்பாரமா இருந்துச்சுன்னா நுகம் மேல தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். எவ்வளவு ஏத்தறோம்ங்கறது அப்பறம். எங்க ஏத்தறோம்ங்கறதுதான் முதல்ல" என்றார். மேடு ஏறும்போது வண்டியில் உட்கார்ந்திருக்கும் எங்களை முன்னால் வரச் சொல்வார். இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காரச் சொல்வார். எங்களுக்கு அது விளையாட்டு. அவருக்கு அது மாட்டின் கழுத்து.

டிரெய்லருக்கும் இதுதான் கணக்கு. சக்கரத்தைத் தராசின் நடுவாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் காரின் கொக்கி, பின்னால் டிரெய்லரின் வால். கொக்கியின் மேல் ஓரளவு பாரம் அழுந்த வேண்டும். சாமானோடு டிரெய்லர் மொத்தம் எவ்வளவு எடையோ, அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்கட்டும் என்பது இந்த நாட்டில் பொதுவாகச் சொல்லும் அளவு. 1400 கிலோ வண்டி என்றால் 140 கிலோ. அதைவிட ரொம்பக் கூடினால் காரின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி தளரும். அது முன்பாரம். ரொம்பக் குறைந்தால் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். அது பின்பாரம். இரண்டில் உயிரைக் குடிப்பது பின்பாரம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்களுக்கே நடந்தது. மூன்றாவது வருடம், ஏப்ரல் மாதம், இலை பழுக்கிற பருவத்தில் பிரைட் என்ற ஊருக்குப் போயிருந்தோம். மெல்போர்னிலிருந்து வடகிழக்கே 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போகும்போது வண்டி பின்னால் வருவதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. நாலு நாள் தங்கினோம். திரும்புகிற அன்று காலையில் மழை. பிள்ளைகளின் சைக்கிள் இரண்டும் சேறு. வரும்போது கார்க் கூரையில் கட்டியிருந்தவற்றை, திரும்பும்போது டிரெய்லரின் பின்னால் மாட்டிவிட்டோம். நனைந்த முன்பந்தல் துணியையும் பின்பெட்டியில் திணித்தோம். தண்ணீர்த் தொட்டி காலி. முன்பெட்டியில் இருந்த அரிசி பருப்பு, விறகு எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. எடை குறைந்துவிட்டது, இனி சுகமாகப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

ஹியூம் நெடுஞ்சாலையில் பெனல்லாவைத் தாண்டி ஒரு சின்ன இறக்கம். 100-இல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது. அது தள்ளிய காற்றில் டிரெய்லர் ஒரு முறை அசைந்தது. அடுத்த அசைவு முதலாவதைவிடப் பெரியது. மூன்றாவதில் காரின் பின்புறத்தையே தூக்கிப் போட்டது. கண்ணாடியில் டிரெய்லரின் இடப்பக்கம் தெரிகிறது, உடனே வலப்பக்கம் தெரிகிறது. பின் இருக்கையில் பிள்ளைகள் சத்தமே போடவில்லை. கால் தானாக பிரேக்குக்குப் போகும், நேயர்களே. அதை மிதிக்கக் கூடாது. அன்றைக்கு மிதிக்காமல் விட்டது யார் செய்த புண்ணியமோ. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். வேகம் 70-க்கு இறங்கியதும் ஆட்டம் நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் வெளியே நின்றோம்.

அப்புறம் தெரிந்துகொண்டது இன்னொன்று. எங்கள் டிரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக் உண்டு. அதற்கான கண்ட்ரோலர் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடும்போது அந்தக் குமிழைக் கையால் அமுக்கினால் டிரெய்லர் மட்டும் பிரேக் பிடித்து, பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். இதை ஒரு காலி மைதானத்தில் பழகிவைத்துக்கொள்ளுங்கள். கை தேடாமல் போய் நிற்க வேண்டும். பிரேக் விஷயத்தில் இங்கே சட்டமும் இருக்கிறது. 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், காரிலிருந்து கழன்றால் தானாகவே பிடிக்கிற ஏற்பாடும் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. கொக்கிப் பாரம் அளக்கிற சின்னத் தராசு கடைகளில் கிடைக்கும், அதை வாங்கினேன். முதலில் போகும்போது இருந்த மாதிரியே சாமான் அடுக்கி, தொட்டியில் 80 லிட்டர் தண்ணீர் நிரப்பி அளந்தேன். 130 கிலோ. பிறகு திரும்பி வந்த மாதிரி அடுக்கி அளந்தேன். 55 கிலோ. மொத்த எடை குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் குறைந்த எடையெல்லாம் சக்கரத்துக்கு முன்னாலிருந்து போனது. எங்கள் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. குளித்தும் சமைத்தும் தீர்த்த 80 கிலோ அது. கூடிய பாரம் எல்லாம் வாலில். அன்று ராத்திரி அப்பிச்சியின் கைதான் ஞாபகம் வந்தது. அந்தக் கை பிரைடிலேயே நுகத்தடியைத் தூக்கிப் பார்த்திருந்தால், "கண்ணு, பின்பாரம்" என்று சொல்லியிருக்கும்.

ஆகையால் திரும்பவும் சொல்கிறேன். போகும்போது மட்டும் பார்த்தால் போதாது, வரும்போதும் பாருங்கள். உங்கள் தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். கனமான சாமான் அச்சுக்கு நேர் மேலேயும் சற்று முன்னேயும், தரையோடு தாழ்வாக இருக்கட்டும். வாலில் 20 கிலோ வைப்பதும் அச்சுக்குப் பக்கத்தில் 20 கிலோ வைப்பதும் ஒன்றல்ல. சீசாப் பலகையின் நுனியில் உட்கார்ந்த குழந்தைக்கு எவ்வளவு பலம் என்று பூங்காவில் பார்த்திருப்பீர்களே.

கொக்கித் தராசு இல்லாதவர்கள் எடை மேடைக்குப் போகலாம். டிரெய்லரைத் தனியாகக் கழற்றி நிறுத்தி ஒரு எடை. காரோடு மாட்டி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கிப் பாரம். முதல் எடையை டிரெய்லரின் தகட்டில் அடித்திருக்கும் உச்ச எடையோடு ஒப்பிடுங்கள். எங்கள் தகட்டில் வெறும் வண்டி 1050, உச்சம் 1500. நடுவில் இருக்கிற 450 கிலோவுக்குள் தண்ணீர், கேஸ், படுக்கை, பிரிட்ஜ், குக்கர் எல்லாம் அடங்க வேண்டும். காரின் கையேட்டையும் பாருங்கள். சில கார்கள் இழுக்கும் எடை பெரிதாகப் போட்டிருக்கும், கொக்கி தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கையில் ஐந்து விரல் காட்டுகிறார். பாரத்திலேயே நேரம் போய்விட்டது. பேரிங்குக்கு வருகிறேன், சக்கரம் அச்சில் உரசாமல் சுழல உள்ளே இருக்கும் உருளை வளையம் அது.

நாங்கள் வாங்கியது பழைய டிரெய்லர். விற்றவர் சர்வீஸ் ஆகிவிட்டது என்றார். முதல் வருடம் நம்பினோம். இரண்டாம் வருடம் நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கிரீஸ் கறுத்து, தண்ணீராக ஒழுகியது. வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது பேரிங்கைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸ். பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். உருளைகளின் இடுக்கு வழியாக மேல்பக்கம் புழு மாதிரி கிரீஸ் எட்டிப் பார்க்கும். சுற்றிலும் அப்படி எட்டிப் பார்த்தால்தான் நிறைந்தது என்று அர்த்தம். என் அப்பிச்சி வண்டி மை போடும்போது அச்சைத் துடைத்துவிட்டு விரலால் வழித்து வழித்துப் பூசுவார், அதே வேலைதான். கடையாணிக்குப் பதில் இங்கே ஸ்பிளிட் பின். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். ஒரு டாலருக்கும் ஆகாத சாமான், சக்கரம் அதில்தான் நிற்கிறது. கிரீஸ் வெளியே வராமல் அடைக்கும் சீலும் புதிது போடுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50, 100 கிலோமீட்டரில் நிறுத்தி நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் புறங்கையை ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், பக்கத்தில் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடச் சுட்டாலும் சந்தேகப்படுங்கள்.

டயர். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்று நின்று வயதாகிச் சாவதுதான் அதிகம். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்தது. கோடு நன்றாகத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு விரல் காட்டுகிறார். கூடாரத் துணி. புதுத் துணியை முதல் பயணத்துக்கு முன்னால் வீட்டிலேயே விரித்து, குழாய்த் தண்ணீரால் நனைத்துக் காயவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. நூல் உப்பித் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும். ஈரத்தோடு மடிக்க நேர்ந்தால், வீட்டுக்கு வந்த மறுநாளே பிரித்துக் காயப்போடுங்கள். பூஞ்சை ஏறிய துணி பழையபடி ஆகாது. சோப்புத் தூள் போட்டுத் தேய்க்காதீர்கள், தண்ணீரைத் தடுக்கும் பூச்சு போய்விடும்.

கடைசியாக ஒன்று, இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எவ்வளவு குளிர் என்றாலும் கூடாரத்துக்குள்ளே கரி அடுப்போ கேஸ் அடுப்போ கொளுத்தி வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கேஸ் சிலிண்டரின் கழுத்தில் அடித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் நிரப்ப மாட்டார்கள், சோதித்து முத்திரை வாங்க வேண்டும். பேட்டரி பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தால் எங்கள் வாசலில் கூடாரம் விரித்திருப்பேன், கிரீஸ் டப்பாவும் வெளியே இருக்கும். நன்றி, வணக்கம்.