பூசணியின் பயன் பெரிதும் சதையிலா, விதையிலா? “சதையே!” அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் விதையைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை, சதையைச் சீண்டிவிட்டுப் போயிருக்கிறார். என்ன சொன்னார்? “மஞ்சள் பூசணி ஒரு தண்ணீர் மூட்டை. அதில் உருப்படியாக இருப்பது, உடலுக்குள் வைட்டமின் ஏ-யாக மாறும் மஞ்சள் சத்தான பீட்டா கரோட்டின் ஒன்றுதான். அதுவும் ஒரு மாத்திரைக்குள் அடங்கிவிடும். அப்புறம் எதற்கய்யா மூட்டை சுமக்கிறீர்கள்?” நீங்களும் கைதட்டினீர்கள். அவையோரே, அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்காமல் நான் இறங்கப்போவதில்லை!

முதலில் தண்ணீர். உண்மைதான், 100 கிராம் பச்சைப் பூசணியில் 91 கிராமுக்கு மேல் தண்ணீர். மீதி இருப்பதைப் பாருங்கள். வேகவைத்து மசித்த பூசணி ஒரு கப், அதாவது சுமார் 245 கிராம், கிட்டத்தட்ட 50 கலோரிதான். அந்த 50 கலோரிக்குள் 700 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ, 560 மில்லிகிராம் பொட்டாசியம், இரண்டரை கிராமுக்கு மேல் நார்ச்சத்து. வயது வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஏ அந்த ஒரு கப்பிலேயே வந்துவிடுகிறது. விதையில் புரதம் உண்டு, மக்னீசியம் உண்டு, துத்தநாகம் உண்டு, மறுக்கவே மாட்டேன். ஆனால் வைட்டமின் ஏ? அநேகமாக இல்லை. ஒரு கைப்பிடி விதை 28 கிராம் என்றால் அதுவே 150 கலோரியைத் தாண்டும். வயிறும் நிறைய வேண்டும், எடையும் ஏறக்கூடாது என்பவருக்கு அந்தத் தண்ணீர் மூட்டைதான் துணை.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இதை ஆற அமரச் சொல்ல வேண்டும்.

பின்லாந்து நாடு. 1985-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வயது வரை உள்ள ஆண்கள், அத்தனை பேரும் புகைபிடிப்பவர்கள். எத்தனை பேர்? 29,133 பேர்! காயும் பழமும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். அப்படியானால் அந்த மஞ்சள் சத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால் என்ன? நம் தோழர் கேட்ட அதே கேள்வி! பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். ஒரு வாரமா, ஒரு மாதமா? ஐந்து முதல் எட்டு ஆண்டுகள்! 1994-இல் முடிவு வந்தது. புற்றுநோய் குறைந்ததா? இல்லை. அப்படியே இருந்ததா? அதுவும் இல்லை. மாத்திரை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது!

அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு. புகைபிடித்தவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்களுமாகப் பதினெட்டாயிரம் பேருக்கு மேல். அங்கே பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நடுவர் அவர்களே, மறுபடியும் பின்லாந்துக்கு வாருங்கள். அங்கே இன்னொன்றும் தெரிந்தது. மாத்திரை கொடுக்கப்படாதவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் அதே பீட்டா கரோட்டினை உணவிலிருந்து அதிகம் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. அதே சத்து! தட்டில் வந்தபோது ஒரு விதம், மாத்திரை டப்பாவில் வந்தபோது வேறு விதம். காயில் அது தனியாக வருவதில்லை. ஆல்ஃபா கரோட்டின், லூட்டின் என்ற வேறு நிறச்சத்துகள், வைட்டமின் சி, நார்ச்சத்து எல்லாம் கூடவே வருகின்றன. அந்த 20 மில்லிகிராமைப் பூசணியாகச் சாப்பிட நினைத்தால் தினமும் அரை கிலோவுக்கு மேல் வேண்டும். வயிறே போதும் என்று சொல்லிவிடும். மீறிச் சாப்பிட்டாலும் உள்ளங்கை மஞ்சளாகும், விட்டால் சரியாகும். கண்ணின் வெள்ளை மஞ்சளானால் மட்டும் அது காமாலை, மருத்துவரிடம் ஓடுங்கள்.

“சாப்பிட்டும் பலன் இல்லையே” என்பவர்கள் சமைக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் வடிநீரோடு போய்விடும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வையுங்கள். கத்தி நுனி சிரமமில்லாமல் இறங்கினால் போதும். உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்னால் போட்டால் நீர்விட்டுக் குழைந்துவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் கட்டாயம், ஏனென்றால் கொழுப்பு இல்லாமல் பீட்டா கரோட்டின் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் சரியாகப் போகாது. எண்ணெயே வேண்டாம் என்று வெறுமனே அவித்துத் தின்பவர்கள் பயனில் ஒரு பகுதியை இழக்கிறார்கள். வெட்டிய துண்டு அழுகத் தொடங்குவது நடுவில் இருக்கும் நார்ச்சோற்றில். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நாக்கில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, தாய்மார்களே. உலகில் குழந்தைகளுக்கு வரும் பார்வையிழப்பில், தடுத்திருக்கக்கூடியவற்றின் முதல் காரணம் வைட்டமின் ஏ குறைபாடு. முதலில் இருட்டில் பிள்ளைக்குக் கண் தெரியாது. பொம்மையைத் தேடித் தடவும்; தூக்கக் கலக்கம் என்று நினைப்போம். பிறகு கண் வறளும். கருவிழி இளகிக் கெட்டுப்போனால் எந்த மருத்துவராலும் பழைய கண்ணைத் தர முடியாது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு நன்றாக வெந்த பூசணியை நார் இல்லாமல் மசித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு சின்னக் கரண்டி ஊட்டிப் பாருங்கள். இனிப்பாக இருக்கும், பல் வேண்டாம், தொண்டையில் சிக்காது. விதையை அந்த வாயில் வைக்க முடியுமா? புரையேறிவிடும் அம்மா! பல் போன பாட்டிக்கு விதையைக் கொடுத்து மெல்லச் சொல்ல முடியுமா?

பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து ஊட்ட முடிகிற சதைக்கே தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.