தண்ணீர் மேஜையில் நின்றவர்

வணக்கம் நேயர்களே. சினிமாவைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லிவிட்டார்கள். திரை இல்லாத இடத்தில் படம் காட்டுவது கொஞ்சம் சிரமம்தான், இருந்தாலும் பார்ப்போம்.

படம் ‘டோக்கியோ ஒலிம்பியாட்’. 1964 அக்டோபரில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கைப் பற்றி ஜப்பானிய இயக்குநர் கோன் இச்சிகாவா எடுத்த ஆவணப்படம், அடுத்த வருஷம் வெளியானது. முதலில் இந்த வேலை இன்னொரு பெரிய இயக்குநரான அகிரா குரோசாவாவிடம்தான் போனது. அவருக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒத்துவரவில்லை, அப்புறம்தான் இவரிடம் வந்தது.

தொடக்கத்தில் தகதகவென்று சூரியன். உடனே ஒரு இரும்புக் குண்டு ஊசலாடி வந்து பழைய கட்டடத்தில் மோத, சுவர் பொலபொலவென்று சரிகிறது. ஓட்டப்பந்தயம் பார்க்க வந்து உட்கார்ந்தவனுக்கு இடிபாட்டைக் காட்டுகிறார் மனுஷர்! போர் முடிந்து 19 வருஷம்தான் ஆகிறது. ஒலிம்பிக் தீபத்தை ஏற்றிய யோஷினோரி சகாய், ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்றே அந்த மாகாணத்தில் பிறந்தவர். இதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சுவர் விழுவதற்கு ஒரு கனம் வருகிறது.

சரி, மாரத்தானுக்கு வருகிறேன், எனக்கு இந்தப் படமென்றாலே அதுதான். முன்னால் போகிறவர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கியவர். டோக்கியோவில் காலில் ஷூ, ஆனால் குடல்வால் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்கூட ஆகவில்லை. கேமரா அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, தாடையில் வியர்வை திரண்டு சொட்டுகிறது, முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை. இது வெற்றியாளருக்கான மரியாதை. ஆனால் இச்சிகாவா அப்படியே பின்னால் போய்விடுகிறார். வழியில் தண்ணீர் வைத்திருக்கும் மேஜை. ஓடிக்கொண்டே ஒரு கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நின்றேவிடுகிறார், நின்று ஒன்று குடிக்கிறார், இன்னொன்று எடுக்கிறார், கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் கேட்டு வாங்கிக் குடிப்பவர் மாதிரி அவசரமே இல்லை. இனி பதக்கம் தனக்கில்லை என்று தெரிந்த மனிதனின் தாகம் அது. இதைக் கேமராவில் பிடிக்க வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்?

அதே கண்தான் அகமது இசாவையும் பார்க்கிறது. சாட் நாட்டிலிருந்து 800 மீட்டர் ஓட வந்தவர், அவர் நாட்டுக்கு விடுதலை கிடைத்து அப்போது நாலே வருஷம். அரையிறுதியோடு சரி. அவர் தோற்றதைவிட, அத்தனை பேர் கூடிய ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதுதான் நினைவில் நிற்கிறது.

அந்த ஒலிம்பிக்கில் நம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். இலங்கைக்காரர், அந்த நாட்டுக்கு அன்றைக்கு சிலோன் என்று பெயர். ஓடியவர் ரணதுங்க கருணானந்த, 10,000 மீட்டர். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் தங்கம் வாங்கி முடித்தாயிற்று, மற்றவர்களும் முடித்தாயிற்று, இவருக்கு இன்னும் சுற்றுகள் பாக்கி. முதலில் சிரித்த கூட்டம், இவர் விடாமல் அடுத்த சுற்றும் வந்தபோது கைதட்ட ஆரம்பித்தது.

இப்படியெல்லாம் எடுத்தால் சும்மா விடுவார்களா? ஒலிம்பிக் பொறுப்பில் இருந்த அமைச்சர் இச்சிரோ கோனோ பார்த்துவிட்டு, இது கலையாக இருக்கலாம், பதிவாகத் தெரியவில்லை என்கிற தொனியில் குறை சொன்னார். பதிவா, கலையா என்று ஜப்பானே அடித்துக்கொண்டது. நடிகை ஹிதெகோ தகாமினே பத்திரிகையில் படத்துக்காகப் பரிந்து எழுதியதோடு நிற்காமல் அமைச்சரையே நேரில் போய்ப் பார்த்தார். அமைச்சர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை; யார் எத்தனை வினாடியில் ஓடினார் என்று தெரிந்துகொள்ள இந்தப் படத்தைப் போட்டால் ஏமாந்துதான் போவோம், அதற்குத்தான் நாளிதழ் இருக்கிறதே. தியேட்டர்களில் ஜனம் அலைமோதியது என்பது வேறு கதை.

ஒரு விஷயம், தேடிப் பார்க்கிறவர்கள் கவனியுங்கள். அமெரிக்காவில் இதை 93 நிமிடமாக வெட்டி வெளியிட்டார்கள். முழுப் படம் 170 நிமிடம். அதைப் பிடியுங்கள், மாரத்தான் கடைசிப் பகுதியில்தான் வரும், அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள். வணக்கம்.